மேலக்குளத்து உரம், கீழக்குளத்துப் பாசி

வயலும் குளமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாசிதான். பிசான (பின்பருவ நெல்) அறுப்பு நெருங்கி, குளத்துத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கி, வெயிலும் ஏறிவிட்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு வேறு எதைப் பற்றி எழுதத் தோன்றும்! தென்னை வாடலையும் வாழைக்கு முட்டுக் கொடுப்பதையும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், சேரன்மகாதேவி பக்கம்: அண்ணாச்சி, எங்கள் ஊரில் மேலக்குளம், கீழக்குளம் என்று இரண்டு உண்டு. மேலக்குளத்துத் தண்ணீர் தெளிவாகக் கிடக்கிறது. கீழக்குளம் தை முடியும் முன்பே பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போல ஆகிவிட்டது. பெரியவர்கள் யூரியாவைத்தான் திட்டுகிறார்கள். வயலில் போட்ட உரத்தைப் பயிர்தானே தின்கிறது, அது குளத்துக்கு எப்படிப் போகும்?

பயிர் தின்பது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. தண்ணீர் கட்டிய நெல் வயலில் போடும் யூரியாவில் உள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பயிருக்குப் போய்ச் சேர்வது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. பக்குவம் பார்த்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். மீதியில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும். கொஞ்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். கொஞ்சம் மண்ணிலேயே தங்கும். கொஞ்சம் தண்ணீரோடு நடையைக் கட்டும். அப்படி நடையைக் கட்டியதுதான் உங்கள் கீழக்குளத்தில் கிடக்கிறது.

நம் பாசன அமைப்பே அதற்கு வழி விடுகிறது. கன்னடியன் கால்வாயானாலும் கோடகன் கால்வாயானாலும் தண்ணீர் முதலில் ஒரு குளத்தில் விழும். அந்தக் குளத்து மடை வழியாக வயலுக்குப் போகும். வயலில் மிஞ்சியது வடிகாலுக்கு வரும், அந்த வடிகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று முன்னோர்கள் கட்டிய ஏற்பாடு இது. கொழுஞ்சித் தழையும் ஆட்டுக்கிடையும்தான் உரம் என்றிருந்த காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டை வரப்போகிறது என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? உங்கள் மேலக்குளத்துக்கு வருவது ஆற்றுத் தண்ணீர். கீழக்குளத்துக்கு வருவது ஊர் வயலெல்லாம் கழித்துவிட்ட தண்ணீர். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

பெரியவர்கள் யூரியாவைத் திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதித் திட்டை டி.ஏ.பி.க்கு ஒதுக்கி வையுங்கள். தழைச்சத்து தண்ணீரில் கரைந்து போகிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்படிக் கரைந்து ஓடுகிற சாதி இல்லை. அது மண் துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மண் எங்கே போகிறதோ அங்கேதான் அதுவும் போகும். நம் வயலில் மண் எப்போது வெளியே போகிறது? தொழி அடிக்கும்போது, அதாவது நடுகைக்கு முன் தண்ணீர் கட்டி மண்ணைச் சேறாகக் கலக்கும்போது. அடியுரத்தைப் போட்டு, தொழியைக் கலக்கி, நடுகைக்குத் தண்ணீர் அதிகம் என்று வரப்பில் தண்ணீர் போகும் வாயான வாமடையை வெட்டிவிடுகிறோமே, அந்த ஒரு நேரத்தில் போவதுதான் பெரும் போக்கு. நம்பாவிட்டால் வடிகிற அந்தக் கலங்கல் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துத் திண்ணையில் வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும், அடியில் களி நைசாகப் படிந்திருக்கும். விரலால் தொட்டால் சந்தனம் மாதிரி வழுக்கும். காசு கொடுத்து வாங்கிய மணிச்சத்து அந்தக் களியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 சதவீதம் மணிச்சத்து என்று அச்சடித்திருப்பார்கள். அது பாஸ்பரஸோடு ஆக்சிஜனையும் சேர்த்துச் சொல்கிற ஆக்சைடு கணக்கு. சுத்தப் பாஸ்பரஸாகப் பார்த்தால் மூட்டைக்குச் சுமார் 10 கிலோ. அதில் இருபதில் ஒரு பங்கு வடிகாலில் போனது என்று வையுங்கள். அரைக் கிலோ. சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, அது ஒரு நஷ்டமே இல்லை, பயிரிலும் தெரியாது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே குளம் பாசி பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது என்று நீர்நிலை ஆய்வாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அரைக் கிலோவை அந்த அளவில் கரைத்துப் பார்த்தால் ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல் வரும். இரண்டரை ஏக்கர் பரப்பில் ஆள் உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் அது. மண்ணோடு போனது முழுவதும் உடனே பாசிக்குக் கிடைத்துவிடாது என்பது உண்மை. ஆனால் வடிப்பது ஒரு வயல் மட்டுமா?

செலவில்லாத வேலைகள் சில இருக்கின்றன. தொழி அடிக்கும்போது தண்ணீரைக் குறைவாகக் கட்டுங்கள், அங்கங்கே மண் தலை காட்டினால் போதும். அளவாகக் கட்டினால் வடிக்கிற வேலையே இருக்காது. வடித்தே தீர வேண்டும் என்றால் ஒரு ராத்திரி தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் விடுங்கள். அடியுரத்தைக் கடைசி உழவில் மண்ணுக்குள் சேர்த்துவிடுங்கள், நட்ட பிறகு மேலே தூவாதீர்கள். மேலுரம் போடுகிற நாளில் தண்ணீரைச் சுண்டவிட்டு, வாமடையை நன்றாக அடைத்துவிட்டுப் போடுங்கள். அதன் பிறகு ஐந்தாறு நாளாவது தண்ணீர் வயலை விட்டு வெளியேறக் கூடாது. யூரியா மாறி மண்ணைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். மழை வரும்போல் இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

வயல் விட்டு வயல் பாய்கிற இடங்களில் வாமடையை அடைப்பது லேசில்லை என்று தெரியும். கீழ வயக்காரர் சண்டைக்கு வருவார். மேல வயக்காரர் போட்ட யூரியாவில் கீழ வயக்காரர் பயிர் கருகருவென்று நிற்பதும் நாம் பார்க்காததில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் உரம் போடப் பேசிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அளவுக்கும் ஒரு வழி உண்டு. நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பச்சையின் பல சாயல்கள் அச்சடித்த சின்ன அட்டை. விரிந்த இளம் இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் யூரியா போடலாம். கறுத்திருந்தால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். மணிச்சத்துக்கு மண் பரிசோதனை. முடிவில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால் மண்ணில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது என்று பொருள். அதன் பிறகும் 'போன பூவுக்கு (சாகுபடிக்கு) போட்டேன், இந்தப் பூவுக்கும் போடுகிறேன்' என்றால் நீங்கள் குளத்துக்குத்தான் உரம் வாங்கிப் போடுகிறீர்கள்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: ஐயா, பாசிக்கு முக்கியக் காரணம் நைட்ரஜனா, பாஸ்பரஸா? எங்கள் வகுப்பில் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

இந்தச் சண்டை உங்கள் வகுப்பில் தொடங்கியதில்லை அம்மா. 1960களில் வட அமெரிக்காவில் ஈரி ஏரி பாசியில் நாறியபோது விஞ்ஞானிகளே கட்சி கட்டி நின்றார்கள். கார்பன்தான் காரணம் என்றுகூட ஒரு கட்சி இருந்தது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டுக்குள் சின்னச் சின்ன ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அங்கே டேவிட் ஷிண்ட்லர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1973இல் ஒரு காரியம் செய்தார்கள். 226 என்று எண்ணிட்ட ஏரி நடுவில் இடுங்கி இருக்கும். அந்த இடுப்பில் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் படுதாவைக் கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்த ஒரு பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் அதன் பிறகு வாதம் செய்யத் தோன்றாது. ஒரே ஏரி, ஒரு படுதா, இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர்.

ஏன் அப்படி? பாசியின் உடம்பில் ஒரு கிராம் பாஸ்பரஸுக்கு ஏழு கிராம் அளவுக்கு நைட்ரஜன் இருக்கும். நைட்ரஜன் குறைந்தால் நீலப்பச்சைப் பாசியில் சில இனங்கள் காற்றிலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை, காற்றில் அது கிடையாது. யாராவது கொண்டுவந்து கொட்டினால்தான் உண்டு. அதனால் குளம், ஏரி என்று வந்தால் பாஸ்பரஸ் கட்சிக்குத்தான் என் ஓட்டு. கடலோரம் போனால் கதை பல இடங்களில் மாறும். மிசிசிப்பி ஆறு சேர்கிற மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் மீன் அண்டாத பகுதி ஒன்று உருவாவதற்கு வயல் நைட்ரஜன்தான் பெரிய காரணம். எதிர்க்கட்சிக்காரிகள் மனம் நோக வேண்டாம். குளத்திலும் நைட்ரஜன் நிறைய வந்தால் பாசியின் வீரியமும் சில இனங்களின் நஞ்சும் கூடும். இரண்டையும் கட்டுப்படுத்து என்றுதான் இன்றைக்குப் பலரும் சொல்கிறார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற அதே நீலப்பச்சைப் பாசியை நெல் வயலுக்கு உயிர் உரமாக ஹெக்டேருக்கு 10 கிலோ தூவச் சொல்லி நாங்களே வேளாண்மைத் துறையில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். வயலில் அது விருந்தாளி. குளத்தில் அதன் பங்காளிகள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டார்கள்.

வாசகி, திருநெல்வேலி டவுன்: நயினார்குளத்தில் அமலையும் (ஆகாயத்தாமரையும்) பாசியும் மாறி மாறி மூடுகின்றன. டவுனில் இருந்துகொண்டு நாங்கள் யூரியாவா போடுகிறோம்?

நீங்கள் போடுவது வேறு உரம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் வழியாக நயினார்குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வருகிறது. வழியில் வீட்டுக் கழிவுநீரும் சேர்கிறது. மனிதக் கழிவில் தழைச்சத்தும் உண்டு, மணிச்சத்தும் உண்டு. அதை எந்தக் கடையிலும் மூட்டை போட்டு விற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சோப்புத் தூளில் பாஸ்பேட் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே டவுன் குளத்துப் பாசிக்குச் சம்சாரியைக் கைகாட்டாதீர்கள். கிராமத்துக் குளத்துப் பாசிக்கு டவுன்காரரைக் கைகாட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

உங்களுக்காகவே ஒரு செய்தி. ஜப்பானில் பிவா என்று ஒரு பெரிய ஏரி. 1977இல் அதில் பாசி பெருகித் தண்ணீர் செந்நிறமாகி நாற்றம் எடுத்தது. அந்த ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய், பாஸ்பரஸ் கலந்த சலவைத் தூளை விட்டுவிட்டுப் பழையபடி சோப்புக்குத் திரும்புவோம் என்று இயக்கம் நடத்தினார்கள். 1979இல் ஷிகா மாகாணம் பாஸ்பரஸ் கலந்த சலவைத் தூளுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதோடு விட்டார்களா? ஏரியைச் சுற்றி முழுக்க நெல் வயல். தொழி அடித்த கலங்கல் தண்ணீரை ஏரிக்கு விடாதே என்று சம்சாரிகளையும் பிடித்துக்கொண்டார்கள். சேரன்மகாதேவிக்காரருக்குச் சொன்ன வாமடை விஷயம் அங்கேயும் அதேதான்.

அமலைச் செடியை இயந்திரம் வைத்து அள்ளுகிறார்களே என்று கேட்பீர்கள். அள்ளுவது நல்லதுதான், ஆனால் கரையிலேயே குவித்து விடுகிறார்கள். அங்கேயே அழுகி, மழைக்கு அதன் சாறெல்லாம் திரும்பவும் குளத்துக்குள் இறங்குகிறது. அள்ளிய அன்றே லாரியில் ஏற்றிக் குளத்து வரத்துக்கு வெளியே கொண்டுபோனால்தான் அந்த வேலைக்கு அர்த்தம்.

மீன் குத்தகைதாரர், மானூர் வட்டாரம்: குளத்தில் கட்லா, ரோகு விட்டிருந்தேன். நல்ல வளர்ச்சி. ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால் கரை ஓரமெல்லாம் செத்து மிதக்கிறது. யாரோ மருந்து கலக்கிவிட்டார்கள் என்று சந்தேகம். போலீசுக்குப் போகலாமா?

போகும் முன் சில விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். செத்தது விடியற்காலையிலா? முந்தின நாள் மேகமூட்டமாக, காற்றே இல்லாமல் இருந்ததா? சாகும் முன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதை யாராவது பார்த்தார்களா? பெரிய மீன்கள் முதலில் செத்தனவா? கடைசியாக, விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் அதே குளத்தில் உயிரோடு துள்ளுகின்றனவா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் உங்கள் குளத்துக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. விராலும் தேளியும் பனையேறியும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன்கள், அதனால் தப்பும். கட்லாவுக்கு அந்த வித்தை தெரியாது. விஷம் கலந்திருந்தால் அது பகல் இரவு பார்க்காது. நத்தையும் தவளையும் சிறு குஞ்சுகளும் சேர்ந்தே போயிருக்கும்.

பகலில் பாசி பிராணவாயுவைத் தண்ணீரில் விடுகிறது. மத்தியானம் அளந்தால் தேவைக்கு மேலேயே இருக்கும். சூரியன் இறங்கியதும் விடுவது நின்றுவிடும், ஆனால் பாசியும் ராத்திரி முழுக்க மூச்சு விட்டாக வேண்டும். மீனும் பாசியும் அடிச்சேற்று நுண்ணுயிர்களும் இருக்கிற வாயுவைப் பங்கு போட்டுக்கொண்டே போக, விடியும் நேரத்தில் தட்டிப்போகும். நாலைந்து நாள் மூடிக்கொண்டு கிடந்தால் பாசியே கொத்துக் கொத்தாகச் செத்து அழுகும், அழுக வைக்கிற நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் இழுத்துவிடும். மீன் வளரட்டும் என்று கோழி எருவைக் கொட்டியிருந்தீர்கள் என்றால் (கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்) பாசிக்குத் தீனி போட்டதில் உங்கள் பங்கும் உண்டு.

மிச்ச மீனைக் காப்பாற்ற: எருவையும் தீவனத்தையும் நிறுத்துங்கள். டீசல் பம்பை வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து, பலகை மேல் அடித்துச் சிதறிக் குளத்திலேயே விழ வையுங்கள். இதை நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை செய்ய வேண்டும். பகலில் செய்வது டீசலுக்குக் கேடு. விலைக்கு வருகிற மீனைக் காத்திருக்காமல் பிடித்து விற்றுவிடுங்கள். மருந்து வைத்ததாக நினைத்த ஆளோடு பேச்சை முறித்திருந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள்.

வாசகர், களக்காடு: ஸ்பைருலினா என்று பாசியைத்தான் மாத்திரையாக விற்கிறார்களாம். எங்கள் குளத்தில் டன் கணக்கில் கிடக்கிறதே?

மாத்திரையில் இருப்பது சுத்தமான தொட்டியில், கார நீரில், தேர்ந்தெடுத்த ஒரே இனத்தை வளர்த்துக் காயவைத்தது. உங்கள் குளத்தில் கிடப்பது இன்னதென்றே தெரியாத கூட்டம். அதை வாயில் வைக்காதீர்கள்.

ஆடு வளர்ப்பவர், நாங்குநேரி பக்கம்: பாசி பிடித்த குளத்தில் ஆடு மாடு தண்ணீர் குடிக்கலாமா? காய்ச்சினால் மனிதர்கள் குடிக்கலாமா?

எல்லாப் பாசியும் விஷமில்லை. நூல் நூலாகத் திரண்டு, குச்சியை விட்டு எடுத்தால் முடி மாதிரி தொங்குவது வெறும் பச்சைப்பாசி, அதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். குச்சியில் நூலாகத் தொங்காமல் சாயம் போல ஒட்டிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, மூடி, ராத்திரி முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் தங்கியிருந்தால் சாதாரணப் பாசி. மேலே ஏறி வளையம் கட்டி நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதன் உடம்பில் காற்றறைகள் உண்டு, மிதக்கும். இது வீட்டுச் சோதனைதான். நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். அதுவரை ஆட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். காற்று பாசியை ஒதுக்கித் தள்ளுகிற கரையில் ஏடு கட்டி நிற்குமே, ஆடுகள் வாய் வைப்பதும் அந்த ஓரத்தில்தான்.

ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரித் தண்ணீரைக் குடித்து ஆடு மாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878லேயே எழுதி வைத்திருக்கிறார். காய்ச்சுவதைக் கேட்டீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், இந்த நஞ்சு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் அடர்த்தி கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் டோலிடோ நகரத்துக் குழாய்த் தண்ணீரில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு வந்தபோது, குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்றுதான் நகராட்சி அறிவித்தது. சுமார் 4 லட்சம் பேர் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

அதே நாங்குநேரி வாசகரின் இன்னொரு கேள்வி: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி போய்விடும் என்கிறார்களே?

போகும். பாசி ஒரே நேரத்தில் சாகும், அதன் உடம்பில் இருந்த நஞ்சு அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கரையும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி பிடித்ததென்று மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் குடலும் பாதித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குளத்தில் மீன் இருந்தால் அதுவும் போகும். பாஸ்பரஸ் மட்டும் எங்கேயும் போகாமல் அங்கேயே இருக்கும். வேண்டாம்.

வாசகர், மூலைக்கரைப்பட்டி பக்கம்: நான் ரசாயன உரத்தை விட்டுவிட்டேன். எல்லாரும் இயற்கைக்கு மாறினால் குளத்தில் பாசி இருக்காதுதானே? அப்புறம், குளத்து வண்டலை எடுத்து வயலுக்கு அடிக்கலாமா?

முதல் கேள்விக்கு முழுதாக ஆமாம் போட முடியவில்லை. சாணியிலும் ஆட்டுப் புழுக்கையிலும் கோழி எருவிலும் அதே தழைச்சத்து, அதே மணிச்சத்துதான். பாசி மூட்டையைப் பார்த்தா தின்கிறது? மெதுவாகக் கரைவது இயற்கை உரத்தின் நல்ல குணம், அதற்காக எருக்குழியை ஓடைக் கரையில் வைத்தால் முதல் மழையில் எல்லாம் குளத்துக்குத்தான். அறுப்பு முடிந்து குளத்தின் உள்வாயிலேயே கிடை போடுகிறவர்களையும் வாத்து மேய்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வயலில் போட்டால் உரம், குளத்துக்குள் போட்டால் பாசிக்கு முதலீடு. கிடையை வயலுக்கு நகர்த்துங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தாராளமாக அடிக்கலாம். பாசிக்கு நான் அறிந்த நல்ல வைத்தியங்களில் அது ஒன்று. வயலிலிருந்து மண்ணோடு போன மணிச்சத்து குளத்து அடியில்தான் படிந்திருக்கிறது. சேற்றில் பிராணவாயு இருக்கும்வரை இரும்புச் சத்து அதைக் கட்டி வைத்திருக்கும். பாசி அழுகி அடியில் வாயு தட்டிப்போனால் இரும்பு பிடியை விட்டுவிடும், அது திரும்பவும் தண்ணீருக்கு வரும். அதனால்தான் உரத்தைக் குறைத்த பிறகும் சில வருஷம் குளம் பச்சையாகவே இருந்து, 'என்ன குறைத்து என்ன' என்று ஆட்கள் சலித்துப்போகிறார்கள். ஜிலேபிக் கெண்டை பெருகிய குளமென்றால் அது வேறு சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். வண்டலை அள்ளினால் இந்தப் பழைய பாக்கியும் சேர்ந்து வெளியேறுகிறது, உங்களுக்கும் டி.ஏ.பி. செலவு குறைகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பறவைகளும் ஊர்க்காரர்களும் ஒன்றாக இருந்து வருகிறார்கள். கோடையில் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது அந்த ஊர் வழக்கம். பறவைகள் சுற்றுவட்டாரமெல்லாம் மேய்ந்து கொண்டுவந்து போட்ட உரம் அது.

எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். வண்டல் எடுக்க அனுமதி வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, முறையாக விண்ணப்பித்து வாங்குங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் டிராக்டரை இறக்காதீர்கள். டவுன் கழிவுநீர் சேர்கிற குளமென்றால் மண்ணைப் பரிசோதிக்காமல் அடிக்க வேண்டாம். கரையின் அடிவாரத்திலும் மடை வாயிலும் தோண்டக் கூடாது, கரை பலமிழந்துவிடும். நடுக்குளத்தில் மேலாக உள்ள கறுப்பு வண்டலை மட்டும் சீராக வழித்தெடுங்கள். ஆழம் வேண்டும் என்று ஒரே இடத்தில் பள்ளம் பறித்தால் கிடைப்பது வெறும் சரளும் களியும்தான், வண்டல் கிடையாது. எடுத்த வண்டலை வயலோரம் கொஞ்ச நாள் காயவிட்டு, கட்டியை உடைத்து, கார் பருவ நடுகைக்கு முந்தின கோடை உழவிலேயே சேர்த்துவிடுங்கள்.